ஏழாம் பக்கத்தில் காலமானவர்

எங்கள் மாலைப் பத்திரிகையில் எல்லாரும் ஒரே மாதிரி சாக முடியாது. மந்திரி மறைவார். கடை முதலாளி காலமாவார். கூலி வேலைக்காரன் பலியாவான். இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாராவது மீறிப் பார்க்கட்டும், ஆசிரியர் குதித்துவிடுவார்.

இந்த ஒழுங்குக்குக் காவலாக உட்கார்ந்திருந்தவர் கமா. மெய்ப்புத் திருத்துபவர். வாயைத் திறந்தால் முதல் சொல்லோடு சற்று நின்றுவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்வார், அதனால் அந்தப் பெயர். ஜன்னலில்லாத அறை, ஆடுகிற நாற்காலி, சிவப்புப் பேனா, ஆறிப்போன டீ. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா போன பிறகு தம்பியை ஆளாக்கியதே அவர்தான். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை, தோல் பதனிடும் ஆலைக்குப் போய்விட்டார். "எனக்கு எழுத்தைக் கண்டா ஆகாது, உனக்கு ஆளைக் கண்டா ஆகாது" என்று அண்ணனைச் சீண்டுவார். கமா சிரித்து நான் பார்த்ததெல்லாம் அப்போதுதான்.

ஒருநாள் காலையில் ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தம்பி உயிரோடு ஏறி வரவில்லை. விஷவாயு. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆலை மேனேஜர் பல்லவியைத் தொடங்கிவிட்டார்: "நெஞ்சு வலி இருந்திருக்கும் போல."

தம்பி மனைவி கமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், உங்க பேப்பர்ல நடந்தது நடந்தபடி வந்துடணும். அச்சுல வந்துட்டா இவங்க இல்லைன்னு சாதிக்க முடியாது."

"வரும்... நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு நேராக அலுவலகம் வந்தார். வீட்டுக்குப் போங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை.

நிருபர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். ஆலையின் பெயர், விஷவாயு, முகமூடி தராதது எல்லாம் இருந்தது. தலைப்பு: 'விஷவாயு தாக்கி தொழிலாளி பலி.' கமா அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு, தம்பியின் முழுப் பெயரை எழுதி, பக்கத்தில் 'காலமானார்' என்று போட்டார்.

"என்ன சார் இது?" என்றேன்.

"பலின்னு போட அவன் என்ன ஆடா, கோழியா? ஒரு நாளாவது அவனுக்கு மரியாதை கிடைக்கட்டும்."

நடுவில் நிற்காமல் அவர் பேசிக் கேட்டது அன்றுதான்.

பக்கம் அமைக்கிறவருக்குச் செய்தியைப் படிக்க ஏது நேரம்? தலைப்பைத்தான் பார்ப்பார். 'காலமானார்' என்றால் ஏழாம் பக்கத்து அடிப்பத்தி. பெயர், வயது, மிச்சமிருக்கும் குடும்பம், அவ்வளவுதான் அங்கே வழக்கம். மற்றதெல்லாம் வெட்டு. அந்தப் பத்தியில் யாரும் எதனாலும் சாவதில்லை. அப்படியே வாயு போயிற்று, முகமூடி போயிற்று, ஆலையும் போயிற்று. வருடக்கணக்காக அந்தப் பத்தியைத் திருத்திய மனுஷனுக்கு அன்றைக்கு மட்டும் இது தோன்றவில்லை.

மறுநாள் ஆசிரியரிடம் போய்க் கெஞ்சினார். "மரியாதையாத்தானே போட்டிருக்கோம், இதுல என்னத்தைத் திருத்தறது? அதுவும் நீங்களே மாத்தினது" என்றார் ஆசிரியர். "நேத்து செய்தியை இன்னைக்கு யாரு படிப்பா?"

அன்று பிற்பகல் தம்பி மனைவி பத்திரிகையோடு வந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகம்.

"ஆலையில உங்க பேப்பரையே எடுத்து நீட்டறாங்க அத்தான். சொந்த அண்ணன் வேலை பாக்கற பேப்பர்லயே காலமானார்னுதானே போட்டிருக்கு, நாங்க கொன்னோம்னா சும்மா விட்டிருப்பாரான்னு கேக்கறாங்க."

"அவனை... மரியாதையா..." என்று தொடங்கினார் கமா. அதற்கு மேல் வரவில்லை. மிச்சமும் வரட்டும் என்று அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பத்திரிகையை மடித்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"பலின்னே போட்டிருக்கலாம் அத்தான். அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."