சிங்சூய் அண்ணன் சுற்றிய கயிறு

சிங்சூய் அண்ணன் கயிறு சுற்றும்போது யாரும் குறுக்கே நடக்கக் கூடாது. பட்டத்தின் நான்கு கயிறும் மணலில் நீளமாகக் கிடக்கும். சுற்றுலா வந்தவர் யாராவது தெரியாமல் தாண்டிவிட்டால் போதும்.

"ஏம்மா, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? சுத்திப் போனா காலு தேஞ்சிருமா?"

கத்திவிட்டு அவரே வெட்கப்படுவார். என் கடைப் பக்கம் கையைக் காட்டி, "அங்க போயி சூடா ஒரு கிண்ணம் சேமியா சாப்பிடுங்க, குளிருக்கு நல்லாருக்கும்" என்பார். அவர் வாயால் எனக்குக் கொஞ்சம் வியாபாரமும் நடந்தது.

என் பெயர் லீஹுவா. பெங்ஹூ தீவில் பூசணிக்காய் சேமியாக் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கும் குவோலியாங் நடத்தும் பட்டப் பள்ளிக்கும் நடுவில் ஒரு பவளக்கல் சுவர்தான். பள்ளி என்றால் பாடப் புத்தகம் இல்லை. வீட்டுக் கூரை அகலத்துக்குப் பட்டம் விட்டு, அதன் இழுப்பில் பலகைமேல் நின்று கடலில் பறக்கச் சொல்லித் தருகிற இடம். குளிர்காலத்தில் வாடைக்காற்று எங்கள் தீவைப் பிடித்து உலுக்கும். மீன்பிடிப் படகெல்லாம் கரையேறிவிடும். எங்களுக்கு அது அடுப்பு அணையும் காலம். பட்டக்காரர்களுக்கு அதுதான் அறுவடை.

சிங்சூய் அண்ணன் முன்பு ஆயிரங்கால் தூண்டில் போட்டவர், ஒரே நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கி தொங்குமே, அது. அந்தக் கயிற்றைக் கூடையில் வளையம் வளையமாக அடுக்கி, கொக்கிகளை விளிம்பில் வரிசையாகச் செருகி வைக்க வேண்டும். ஒரு வளையம் பிசகினாலும் கயிறு கடலில் ஓடும்போது கொக்கி கையையும் கொத்தி இழுத்துக்கொண்டு போய்விடும். முழங்கால் கெட்டு படகை விட்ட பிறகு குவோலியாங் அவரைக் கூப்பிட்டுக்கொண்டான். காலையில் கயிறு நீட்டித் தருவது, மாலையில் சுற்றி வைப்பது, இதுதான் வேலை.

அவர் சுற்றுவதை நான் எத்தனையோ மாலை பார்த்திருக்கிறேன். முதலில் பிடிக்கோலை மணலில் புதைத்து நிறுத்துவார். அது பட்டம் விடுகிறவர் இரண்டு கையாலும் பிடிக்கும் கோல். அங்கிருந்து நான்கு கயிற்றையும் விரலுக்கு ஒன்றாகக் கோத்துக்கொண்டு நுனிவரை நடப்பார். தலை வாருவது மாதிரி இருக்கும். சிக்கு இருந்தால் விரல் நின்றுவிடும். பிறகு நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் காயவிட்டு, பிடிக்கோலின் இரண்டு முனையிலும் எட்டு எட்டாகச் சுற்றுவார். "வட்டமா சுத்துனா முறுக்கு ஏறிக்கிட்டே போகும். எட்டுப் போட்டா ஒரு பக்கம் ஏறுனது மறுபக்கம் எறங்கிரும்" என்பார். கடைசியில் நுனிகளை ஒரு முடிச்சுப் போட்டு, ரப்பர் வளையத்தில் அடக்கி, துணிப்பையில் போட்டு ஆணியில் மாட்டுவார். பட்டத்தோடு சேர்த்துத் திணிக்க விடமாட்டார்.

பெய்ஜுன் அந்தப் பள்ளியில் சொல்லித் தருகிற பெண். ஒரு குழந்தைக்குத் தாய். போன குளிர்காலத்தில், சிங்சூய் அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்த நாளில், யாரோ ஈரக் கயிற்றை அப்படியே பையில் அடைத்துவிட்டார்கள். மறுநாள் அவள் பட்டத்தை ஏற்றியதும் உள்ளே கிடந்த ஒரு சுருக்கு இறுகிக்கொண்டது. பட்டம் கிறுக்குப் பிடித்த மாதிரி சுழன்று அவளைக் கல்லில் இழுத்துப் போனது. தோள்பட்டைக் காறையெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவள் கயிற்றை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. அவர் சுற்றிக் கொடுத்ததை அவள் திரும்பப் பார்ப்பதும் இல்லை. சாமி கொடுத்த பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு போவாள்.

இந்த வருஷம் பந்தயத்தில் அவள் பெயர் கொடுத்தாள். எலும்பு கூடிய பிறகு முதல் பந்தயம்.

பந்தயத்துக்கு முன் சிங்சூய் அண்ணன் அவளுக்குப் புதுக் கயிறு மாற்றினார். இந்த விளையாட்டில் சிவப்பு என்றால் இடது. எந்த ஊரிலும் அப்படித்தானாம். பிடிக்கோலின் இடது முனை சிவப்பு, பட்டத்தின் இடது நுனி சிவப்பு, இடது ஓரக் கயிற்றின் நுனியில் ஒரு சிவப்பு உறை. புதுக் கயிறு நான்கும் சாம்பல் நிறம். உறைகள் கப்பலில் வர வேண்டும். காற்றில் கப்பலே வரவில்லை. "பரவாயில்ல, கோலுலேர்ந்து புடிச்சிக்கிட்டு வந்தா எது எதுன்னு தெரிஞ்சிரும்" என்று சொல்லிப் பையை மாட்டிவிட்டார்.

பந்தயத்தன்று காலையில் நான் மாசூ அம்மா கோயிலுக்கு ஒரு சட்டி சேமியா படைக்கப் போனேன். கடலில் போகிறவர்களுக்கு அவள்தான் தாய். சிங்சூய் அண்ணன் அங்கே ஏற்கெனவே ஊதுவத்தி பிடித்துக்கொண்டு நின்றார். முகம் நிறையச் சிரிப்பு.

"லீஹுவா, நேத்து அம்மாகிட்ட ஒரு சிவப்புக் கயிறு கேட்டேன். குறி கேக்குற பிறைக்கட்டையை வீசுன முதல் வீச்சுலயே சம்மதம் குடுத்துட்டா. அதை வத்திப் புகையில காட்டி, பெய்ஜுன் கயித்துல கட்டிட்டேன். அவகிட்டச் சொல்லல. சொன்னா சிரிப்பா."

"நல்லது அண்ணே. புள்ளை பத்திரமா வரட்டும். எந்தப் பக்கம் கட்டினீங்க?" நான் பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"இதென்ன கேள்வி? டிராகன் பக்கம்தான். பெரிய பக்கம் இருக்கறப்ப யாராவது புலிப் பக்கம் கட்டுவாங்களா?"

எங்கள் கோயிலில் டிராகன் பக்கம் என்றால் இடப்பக்கம், மதிப்பான பக்கம். ஆனால் அது அம்மாவுக்கு இடது. அவள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்து நிற்கிற நமக்கு அது வலது. டிராகன் வாசலில் நுழைந்து புலி வாசலில் வெளியே போவது சின்ன வயசிலிருந்து காலுக்கே பழகிய விஷயம், யாரும் யோசிப்பதில்லை.

அண்ணன் எதையோ விளக்குவது போல் கையைத் தூக்கினார். "பையை வீட்டுக்குக் கொண்டுபோயி, நாலு நுனியை மட்டும் வெளிய எடுத்துவிட்டு, அம்மா படத்துக்கு முன்னாடி வெச்சுத்தான் கட்டுனேன். பட்டமும் மேலேர்ந்து நம்மளப் பாத்துக்கிட்டுத்தானே நிக்குது? அதுக்கு இடது..."

தூக்கிய கை நின்றுவிட்டது. இன்னொரு கையையும் தூக்கினார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஊதுவத்திச் சாம்பல் அவர் மணிக்கட்டில் விழுந்தது, அவர் உணரவில்லை.

"அண்ணே, என்னாச்சு?"

"அவளுக்கு அது வலது. வலது ஓரக் கயிறு. அதுல சிவப்புக் கட்டியிருக்கேன். வேற சிவப்பு எதுலயும் இல்ல."

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"இன்னிக்குக் கயிறு மாட்டறது குவோலியாங்தான். சிவப்பைப் பாத்தா இடதுன்னு மாட்டிருவான்! இடதுல இழுத்தா பட்டம் வலதுல பாயும். அவ இன்னும் இழுப்பா, அது இன்னும் பாயும். காத்து தள்ளிட்டுப் போற பக்கம் கருங்கல்லு இருக்கு, லீஹுவா!"

செல்போனை எடுத்தார். பெய்ஜுன் எடுக்கவில்லை. அவளுடையது வண்டியில் கிடக்கும். குவோலியாங்கும் எடுக்கவில்லை. அந்தக் காற்றில் மணியோசை யாருக்குக் கேட்கும்?

"ஏறுங்க" என்றேன்.

படைக்க வைத்த சட்டியைக்கூட இறக்கவில்லை. ஸ்கூட்டியின் முன்னால் சட்டி, பின்னால் சிங்சூய் அண்ணன். காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது. திருப்பத்தில் சட்டி சாய்ந்து சூடான சேமியாச் சாறு என் காலில் கொட்டியது. "அம்மா, தாயே, கொஞ்சம் காத்தைப் புடிச்சு வை" என்று வாய்விட்டே வேண்டினேன். பின்னால் அண்ணன் வேண்டவில்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

தார் ரோடு முடிந்த இடத்தில் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் குதித்து ஓடினார். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு கால் ஓடியது, கெட்ட கால் பின்னால் இழுபட்டது.

கரையில் வண்ண வண்ணமாகப் பட்டங்கள். பெய்ஜுனுடையது மஞ்சள். குவோலியாங் அதை ஓரம் பிடித்து நிமிர்த்திக்கொண்டு நின்றான். தூரத்தில், தண்ணீர் ஓரமாக, அவள். நடுவில் நான்கு கயிறும் வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தன. மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. "பெய்ஜுன்!" என்று நான் கத்தியது என் காதுக்கே வரவில்லை. அவள் கடலைப் பார்த்தாள், பட்டத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

அவள் கட்டைவிரலைத் தூக்கினாள். விடு என்று அர்த்தம்.

சிங்சூய் அண்ணனால் குவோலியாங்கையும் எட்ட முடியவில்லை, அவளையும் எட்ட முடியவில்லை. கயிறுதான் பக்கத்தில் இருந்தது. யாரும் தாண்டக் கூடாது என்று ஊரையே திட்டிய மனிதர், நான்கு கயிற்றையும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு மணலில் விழுந்தார்.

பட்டம் குவோலியாங்கின் கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு பாதி எழும்பியது. கயிறு அண்ணனின் கைக்குள் ஓடியது. அவர் விடவில்லை. மணலில் அவர் உடம்பு உழுதுகொண்டு போனதை நான் பார்த்தேன். அந்த நொடியில் பட்டம் போய்விடும், அவர் கையும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பெய்ஜுன் இடுப்பிலிருந்த விடுப்பானை, பட்டத்தின் இழுப்பைக் கழற்றிவிடும் கொளுவியை, இழுத்துவிட்டாள். பட்டம் மூச்சு விட்டது போல் தளர்ந்து முகங்குப்புற விழுந்து படபடத்தது.

குவோலியாங்தான் முதலில் ஓடி வந்தான். "யோவ் பெரிசு! பைத்தியமா உனக்கு? தலை துண்டாயிருக்கும்யா!"

அவள் பின்னாலேயே வந்தாள். கோபத்தில் முகமெல்லாம் சிவந்திருந்தது. "பெரியப்பா! நாங்க கால் வெச்சா வண்டி வண்டியா திட்டுவீங்க. இப்ப நீங்க அது மேலயே பாய் போட்டுப் படுத்துட்டீங்களா? பந்தயம் தொடங்கப் போவுது!"

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "சிவப்பு... அது அடையாளம் இல்ல. அம்மாவோடது."

அவளுக்குப் புரிந்ததா இல்லையா தெரியவில்லை. ஆனால் கோபம் போய்விட்டது. பிடிக்கோலை எடுத்தாள். இடது முனையிலிருந்து கயிற்றை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, கிடந்த சிக்குகளை விலக்கி விலக்கி, நுனிவரை நடந்தாள். நுனி பட்டத்தின் வலது பக்கத்தில் மாட்டியிருந்தது.

அங்கேயே நின்றாள். பிறகு திரும்பிக் கருங்கல்லைப் பார்த்தாள். அலை அதன்மேல் அடித்து வெள்ளையாகத் தெறித்துக்கொண்டிருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சிவப்பைப் பாத்தேன், மாட்டிட்டேன்" என்றான் குவோலியாங், குரல் இறங்கி.

"உன் தப்பு இல்ல. நான் கட்டுனது." சிங்சூய் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். உள்ளங்கையைக் கயிறு கத்தி மாதிரி அறுத்திருந்தது. நான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துச் சுற்றினேன். "இனிமே இந்தக் கை உன் கயித்துல படாது, பெய்ஜுன். வேற ஆளப் பாத்துக்க."

"யார? இவரையா?" அவள் குவோலியாங்கைக் காட்டினாள். "போன வருஷம் ஈரக் கயித்தைப் பையில அடைச்சவரே இவருதான் பெரியப்பா. உங்ககிட்டச் சொன்னா கொன்னுருவீங்கன்னு யாரும் சொல்லல."

அண்ணன் குவோலியாங்கைப் பார்த்தார். குவோலியாங் கடலைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த நேரத்தில் ஊதல் கேட்டது. மற்றப் பட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறிக் கடலில் சீறிக்கொண்டு போயின. பெய்ஜுன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்திரிங்க. கயித்தை வாரிக் குடுங்க" என்றாள்.

அவர் வாரிக் கொடுத்தார். ஒரு கையில் என் துணி, மறு கையின் விரலிடுக்கில் நான்கு கயிறு. இந்த முறை அவள் அவருக்குப் பின்னாலேயே நடந்தாள். அவர் விரல் போன இடமெல்லாம் அவள் விரலும் போனது. சிவப்புக் கயிற்றை அவரே அவிழ்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வாங்கித் தன் விடுப்பானின் பட்டையில், நடுவயிற்றில், கட்டிக்கொண்டாள். "இங்க இடதும் இல்ல, வலதும் இல்ல" என்றாள்.

எல்லோரும் போய் வெகுநேரம் கழித்து அவள் கிளம்பினாள். கடைசியாகத்தான் வந்தாள். அவள் கரைக்குத் திரும்பும்வரை சிங்சூய் அண்ணன் கடலுக்கு முதுகைக் காட்டி, கோயில் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். சட்டியில் மிஞ்சியிருந்த சேமியாவைக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். அவள் பட்டத்தை இறக்கிவிட்டு வந்து நின்ற பிறகுதான் கிண்ணத்தைக் கையில் வாங்கினார்.

கை ஆறிவிட்டது. தழும்பு உள்ளங்கையில் குறுக்கே ஓடுகிறது. உறைகளும் கப்பலில் வந்துவிட்டன. இப்போதும் அவர்தான் சுற்றுகிறார், அதே எட்டு, அதே முடிச்சு, அதே ஆணி. ஆனால் பையை அவளிடம் கொடுக்கும்போது விடமாட்டார். அவளும் ஒரு முனையைப் பிடித்திருப்பாள், அவரும் ஒரு முனையைப் பிடித்திருப்பார்.

"கோலுலேர்ந்து நுனி வரைக்கும் தொட்டுப் பாத்துட்டு மாட்டு" என்பார்.

"நீங்க சுத்துனதுதானே பெரியப்பா?"

"அதனாலதான் சொல்றேன்" என்பார். அவள் தலையாட்டிய பிறகுதான் பையை விடுவார்.