அணைக்கல்லும் எலுமிச்சங்காயும்

மழையில் மண் சரிந்து பாதை பாதியாகக் குறுகிய பிறகு, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி எங்கள் மேட்டுக்கு ஏறுவதை நிறுத்திக்கொண்டது. கீழே, பசறை வீதிச் சந்தியில் சற்று நேரம் நிற்கும், அவ்வளவுதான். எங்கள் துண்டுத் தேயிலை நிலத்திலும் அக்கம்பக்கத்துத் துண்டுகளிலும் பறித்த கொழுந்தை அதற்குள் அங்கே இறக்கியாக வேண்டும். ஆகவே என் கணவர் தம் கை டிராக்டருக்கு இழுவைப் பெட்டியொன்றைத் தாமே செய்யத் தொடங்கினார்.

அச்சும் சக்கரங்களும் பதுளையின் பழைய இரும்புக் கடையில் கிடந்த வேனுடையவை. சட்டம், இரண்டு இரும்புக் கட்டில்கள். அடித்தளம், இடிந்த லயத்து வீடுகளின் கதவுகள். டிராக்டரோடு பிணைப்பதற்காக முன்னால் நீண்ட தண்டு, தோட்டத்தின் பழைய தண்ணீர்க் குழாய். புதிதாக வாங்கியவை வெல்டிங் குச்சிகள் மட்டுமே. பிரேக்குக்கு உதிரிகள் அகப்படவில்லை.

“எஞ்சினே புடிச்சிக்கிரும்” என்றார்.

“எஞ்சின் நின்னு போச்சுன்னா?”

“அது நின்னா நானும் நின்னுருவேன்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் ஓட்டத்தன்று மூட்டைகள் ஏற்றியாயிற்று. ஒன்று மட்டும் தரையில் எஞ்சியிருந்தது. “கட்டில்ல படுத்துக்கிட்டு கொழுந்து போவுது பாருங்க, மகாராணி கணக்கா!” என்று பக்கத்து வீட்டு அக்கா, கொழுந்து கொண்டுவந்த பெண்கள் எல்லாரையும் சிரிக்கவைத்தாள். சரிவில் டிராக்டர் கீழ்ப்புறமும் பெட்டி மேற்புறமுமாக நின்றன. இடையில் என் கணவர், குழாயைத் தோளில் தாங்கி, அதன் துளையை டிராக்டரின் துளையோடு பொருத்த முயன்றுகொண்டிருந்தார்.

எங்கள் மேட்டில் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் எந்த வண்டியும் நிற்பதில்லை. அதை அணைக்கல் என்போம். எலுமிச்சங்காய் நசுக்காமல் எந்தப் புது வண்டியும் புறப்படுவதுமில்லை. இவ்விரு வழக்கங்களும் சக்கரத்தின் முன்னால் ஒரே இடத்தைக் கேட்பவை என்பதை எவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

“மச்சான், எலுமிச்சங்கா வைக்கட்டா?” என்று கேட்டான் என் தம்பி.

“வையி மாப்ள, நேரமாவுது” என்றார் அவர், திரும்பாமலே.

தம்பி பெட்டியின் ஒரு சக்கரத்துக்கு முன்னிருந்த கல்லை எடுத்துப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் எறிந்துவிட்டு, அவ்விடத்தில் பக்தியோடு எலுமிச்சங்காயை வைத்தான். அடுத்த சக்கரத்துக்குப் போனான். அவன் கையில் இரண்டாவது கல்லைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. கத்த வாயெடுப்பதற்குள் பெட்டி நகர்ந்தது. எலுமிச்சங்காய் வெடித்தது. இரும்போடு இரும்பு மோதியது. அவர் இடது கை இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

அவர் அலறவில்லை. மூச்சை உள்ளிழுத்த ஓசை மட்டும் கேட்டது. பெட்டியின் பாரம் முழுவதும் அந்தக் கையின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

“கல்லு! கல்லு!” என்று கத்தியபடி தம்பி கானுக்குள் தடவினான். நான் தரையிலிருந்த மூட்டையை இழுத்துச் சக்கரத்துக்கு முன்னால் தள்ளி அதன்மேல் விழுந்தேன். சக்கரம் சாக்கைக் கடித்து ஏறியது, நின்றது. நசுங்கிய கொழுந்தின் பச்சை வாடை முகத்தில் அடித்தது. பெண்கள் அத்தனை பேரும் பெட்டியைப் பின்னுக்கு இழுத்தார்கள்; கை வெளியே வந்தது. தோல் உரிந்து இரத்தம் வழிந்தது.

“வெரல மடக்குங்க” என்றேன்.

சுண்டுவிரல் மடங்கியது. அடுத்ததும் மடங்கியது. நடுவிரல் அசையவில்லை. பிறகு அதுவும் மெல்ல, நடுங்கிக்கொண்டே வளைந்தது.

தம்பி அழத் தொடங்கினான். “நீங்கதானே மச்சான் வைக்கச் சொன்னீங்க...”

“எலுமிச்சங்காய வைக்கத்தான்டா சொன்னேன். கல்ல எடுக்கவா சொன்னேன்?” என்றவர், பாதையைப் பார்த்தார். “லொறி போயிரும்.”

“போனா போவட்டும். பிரேக்கு வைக்காம இந்தப் பெட்டி ஒரு அடி நகராது.”

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா பெட்டிமேல் ஏறி மூட்டைகளை ஒவ்வொருவர் தலைக்கும் இறக்கத் தொடங்கியிருந்தாள். லொறியை நிறுத்திவைக்கத் தம்பி முன்னால் ஓடினான். ஆஸ்பத்திரிக்குப் பேருந்து பிடிக்க நாங்கள் இருவரும் அவர்களுக்குப் பின்னால் இறங்கினோம். கையில் சுற்றியிருந்த துணிக்குள் அவர் விரல்களை மடக்குவதும் நீட்டுவதுமாகவே வந்தார். நான் பாதையைப் பார்க்காமல் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.