கடல் தெரியாத அறை

கப்பலிலிருந்து இறங்கிய கையோடு, துறைமுகத்தை அடுத்த சூலியா தெருவில் ஒரு விடுதி வாசலில், வாடகைப் பலகைக்கு முன் நிற்கிறேன். முதல் தரம், மேலான முதல் தரம், விசேஷ முதல் தரம் என்று எழுதியிருக்கிறது. இரண்டாம் தரம் என்று எதுவுமே இல்லை. என் மனைவி திரேசம்மாள் டிரங்குப் பெட்டிமேல் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாளிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் அவள் வயிற்றில் தங்கவில்லை. நாளை இந்தத் தீவிலிருந்து அக்கரை போய், ரயிலேறி தைப்பிங் ஊருக்குப் போய் நான் வாத்தியார் வேலையில் சேர வேண்டும். 'என்னை ஊருக்கே அனுப்பிவிடுங்கள்' என்று இன்று காலையில்கூட அழுதாள்.

"மூணுக்கும் என்ன வித்தியாசம், அண்ணே?" என்று விடுதிக்கார மரைக்காயரிடம் கேட்கிறேன்.

"முதல் தரத்துல ஜன்னல் இருக்கும். மேலானதுல, ஜன்னலத் தொறந்தா காத்து வரும். விசேஷத்துல கடலே தெரியும் லா, தம்பி. ஒரு வெள்ளிதான் கூட."

திரேசம்மாள் கண்ணைத் திறக்கிறாள். "கடல் தெரியாத ரூம் இருக்கா, அண்ணே?"

மரைக்காயர் பலகையைப் பார்க்கிறார், பிறகு அவளைப் பார்க்கிறார். "அதுக்கு நான் பேரே வைக்கலையே, தங்கச்சி!" என்று சிரிக்கிறார். "பின்கட்டுல எங்க வூட்டம்மா தையல் மெஷின் வச்சிருக்கற ரூம் இருக்கு. சுத்திலும் சுவருதான். வந்து படுத்துக்க."

அந்த அறைக்கு அவர் மனைவியே கஞ்சியும் துவையலும் கொண்டுவருகிறார். திரேசம்மாள் பயந்து பயந்து ஒரு வாய் குடிக்கிறாள். சற்றுப் பொறுத்து இன்னொரு வாய். கிண்ணம் காலியாகிறது.

"ஏங்க," என்கிறாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "தைப்பிங்ல நமக்குக் குடுக்கற வீட்டுல ஒரு கறிவேப்பிலைக் கன்னு வைக்க இடம் இருக்குமா?"