மண்சுவருக்கு அப்பால்

பேருந்து நிலையத்து வெல்டிங் கடையின் கருகல் வாடை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் நின்றுவிடுகிறேன், புரொஜெக்டரில் கார்பன் குச்சி எரியும் அதே வாடை என்பதால். திருப்புலிவனம் சாலையில் நான் சிறுவயதில் படம் பார்த்த டூரிங் டாக்கீஸ் இருந்த இடத்தில் இப்போது பதினாறு வீட்டு மனைகள், எண்ணிவிட்டேன். ஒரே புரொஜெக்டர், ஆகவே ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை, ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் மணலில் உட்கார்ந்தபடியே, நடுவிலிருந்த குட்டை மண்சுவருக்கு மேலாகப் படத்தை அலசிப் பிழிவார்கள்.

ஓர் இரவு, நாயகன் சந்தேகப்பட்டு மனைவியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதும் விளக்கு எரிந்தது.

"அவன் மேல இன்னாயா தப்பு? பொம்பள பொறுத்துக்கினு வாசல்லியே கெடக்கணும்."

அக்காவுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் குரல். அக்கா எழுந்தாள்.

"அவ ஏன் கெடக்கணும்? கதவுக்கு வெளிய ஊரே கீது. இவன்தான் உள்ள தனியா கெடக்கப் போறான்!"

பெண்கள் பக்கம் விசில் பறந்தது. "உக்காருடி, மானம் போவுது," என்று அம்மா அவள் புடவையை இழுத்தாள்.

கடைசியில் நாயகி திரும்பி வந்து கணவன் காலில் விழுந்தாள். ஆண்கள் பக்கமிருந்து வந்த நைனா எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றியபடி அக்காவிடம் சொன்னார்:

"படம் நல்லால்லம்மா. அந்தப் பையன் வூட்டு நிச்சயத் தட்ட நாளைக்குத் திருப்பிக் குட்த்துடறேன்."