ஆட்டைத் திட்டிய வாய்

மூளையின் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல்தான். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் இதயம், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொரு உறுப்பாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தாள் வெளியே வரும் நேரத்தில் படித்துப் படித்தே பெருமூளை எது, சிறுமூளை எது, முகுளம் எது என்று தெரிந்துகொண்டேன். மூளையின் இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறதாம், வலது பாதி இடது பக்கத்தை ஆள்கிறதாம். எதிர்வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது போலல்லவா இருக்கிறது என்று சிரித்திருக்கிறேன்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

அக்கா பக்கத்து ஊரான ஆத்தூரில் இருக்கிறாள். ஒரு காலையில் காப்பி டம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. 'காத்து பட்டிருச்சு, மந்திரிச்சாச் சரியாயிரும்' என்று தெருவே சொல்லிக்கொண்டிருக்க, அக்காவின் மருமகள் யாரையும் கேட்காமல் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். மூளையின் இடது பாதிக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் காலும் துவண்டுவிட்டன. பேச்சும் போய்விட்டது.

சோறில்லாமல்கூட இருப்பாள், சொலவடை இல்லாமல் இருக்கமாட்டாள் என் அக்கா. என்னிடம் இருக்கிற சொலவடை எல்லாம் அவள் வாயிலிருந்து உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டதுதான். அப்படிப்பட்டவள் ஒரு வாய் தண்ணீர் கேட்க முடியாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'அ... அது... அது' என்பதற்கு மேல் வரவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில்தான் தொண்டைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் மருமகள்தான். பழனிப் பக்கம் கீரனூர்க்காரி. மாமியாரிடம் 'ங்க' போடாமல் பேசமாட்டாள். மகன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவன். அவன் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குகிற நேரம்.

ஒரு நாள் மருமகள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். வாசலில் காயப்போட்டிருந்த மிளகாயில் பக்கத்து வீட்டு ஆடு வாய் வைத்துவிட்டது. அதைப் பார்த்த அக்கா கணீரென்று கத்தினாள்:

"ஏ நாசமாப் போற சனியனே! போ அங்கிட்டு!"

திக்கல் இல்லை, திணறல் இல்லை. ஆடு ஓடிவிட்டது. மருமகள் தட்டோடு சிலையாக நின்றாள். ஆட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அடியாத்தீ! நல்லாத்தான பேசுது! தூங்குறவனை எழுப்பலாம், தூங்குற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியுமா? உன்னைய வச்சு நல்லா வேலை வாங்குதுடி!"

அன்று சாயங்காலம் மருமகள் எனக்குப் போன் செய்தாள்.

"சின்னத்தை, ஆட்டைத் திட்ட வாய் வருதுங்க. என்னைய ஒரு வார்த்தை கூப்பிட வரலீங்களா? நான் என்னங்க குறை வச்சேன்? எங்க ஊருக்கே போறனுங்க."

கோபமாகப் பேசியிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழுதுகொண்டு பேசினாள். எனக்கும் உள்ளே ஒரு முள் தைத்தது. அக்கா நடிக்கிறவள் இல்லைதான். ஆனால் மருமகள் காதால் கேட்டதை என்ன செய்வது? "மறுபரிசோதனைக்கு நீயும் வா. டாக்டர்கிட்டயே கேட்டுருவோம். அதுக்குப் பெறகு போறதுன்னாப் போ," என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் அனுப்பினார். நடந்ததைச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. ஒரு பேனாவைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள்.

"சரி, என்கூட எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு..."

"மூணு, நாலு, அஞ்சு, ஆறு..." பத்து வரைக்கும் அக்கா ஒரே ஓட்டமாக ஓடினாள்.

மருமகளின் முகம் இறுகியது. "பாத்தீங்களா சின்னத்தை?"

"இப்ப ஏழுன்னு மட்டும் சொல்லுங்கம்மா," என்றார் அந்த அம்மா.

அக்கா முயன்றாள். முடியவில்லை. கண்ணை மூடி, உதட்டுக்குள்ளேயே ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஏழில் நிற்கத் தெரியாமல் எட்டு, ஒன்பது என்று அதைத் தாண்டிப் போனாள். திரும்பவும் ஒன்றிலிருந்து வந்தாள். திரும்பவும் தாண்டினாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. மருமகள் மெல்ல எழுந்து போய் முந்தானையால் அந்த வேர்வையைத் துடைத்தாள்.

அந்த அம்மா விளக்கினார். நினைத்ததைச் சொல்ல வேண்டுமானால் வார்த்தையைத் தேடி எடுத்துக் கோக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அந்த வேலை மூளையின் இடது பாதியில்தான் நடக்கிறது. அக்காவுக்கு அடிபட்டது அங்கேதான். வசவு, சாமி பாட்டு, எண்ணிக்கை, பழமொழி மாதிரி ஆயிரம் முறை சொல்லிப் பழகியதற்குக் கோக்கிற வேலை இல்லை. மூளையின் மற்ற இடங்களின் துணையோடு அது தானாக வந்துவிடும். எனக்குப் பூக்கடைதான் ஞாபகம் வந்தது. கட்டிவைத்த சரத்தை எடுத்து நீட்டிவிடலாம். உதிரிப்பூவைக் கட்டுகிற விரல்தான் போய்விட்டது.

மருமகள் ஊருக்குப் போகவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஆத்தூர் போயிருந்தேன். உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. மருமகள் கீழே உட்கார்ந்து அக்காவின் வலது காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டுக்காரியும் வந்து நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். அக்கா மருமகளையே பார்த்தாள். ஏதோ சொல்ல வேண்டும் என்கிற தவிப்பு முகத்தில் தெரிந்தது. வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, கடைசியில் வார்த்தை வந்தது:

"அடியாத மாடு படியாது!"

ஆட்டுக்காரி கையைத் தட்டினாள். "கேட்டியாடி? காலைப் பிடிச்சுவிடுறவள மாடுங்குது! உனக்கு வேணும்!"

அக்காவின் கண்கள் பயந்துபோயின. இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். மருமகள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை சொல்லலீங்க. அது தானா வந்துருச்சுங்க."

"தானா வருமாக்கும்!"

"வருமுங்க," என்றவள் அக்கா பக்கம் திரும்பினாள். "அத்தை, என்ன சொல்ல வந்தீங்க? காலு வலிக்குதுங்களா? தண்ணி வேணுமுங்களா?"

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். கையை விடுவித்து, அடுப்படியில் மூடியிருந்த சோற்றுப் பானையைக் காட்டினாள். பிறகு விரலை மருமகளின் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். உச்சிப்பொழுது தாண்டியும் மருமகள் இன்னும் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மருமகள் எழுந்து கையைக் கழுவினாள். சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டாள்.