பல்லக்காவின் நூறு வாசகர்கள்

அக்காவுக்குப் பல் செய்யும் வேலை. பல் வைத்தியர் அச்செடுத்து அனுப்புவார். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் வடித்து, யாருடையது என்றே தெரியாத வாய்க்குப் பல்வரிசை கட்டித் தருவாள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பிளாஸ்டர் இறுகும்வரை சும்மாதான் இருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஊர்வம்பு பேசுவார்கள். இவள் ஸ்டூலில் உட்கார்ந்து நாவல் எழுதுவாள்.

முதலில் எழுதியது, நிலவில் தண்ணீர் லாரி ஓட்டும் ஒருத்தியின் கதை. எந்தப் பதிப்பகமும் சீண்டவில்லை. அவள் கணவர், என் அத்தான், வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர். கேரண்டி அட்டையைத் தவிர வேறெதையும் படிக்காதவர். ஆனால் பெண்டாட்டி முகம் வாடினால் தாங்க மாட்டார். கைக்காசைப் போட்டு நூறு பிரதி அச்சடித்தார். ரிப்பேருக்குப் போகும் வீடுகளில் விற்கிறேன் என்றார். "நூறும் போயிடுச்சு, இன்னும் கேக்கறாங்க" என்று ஒருநாள் வந்து நின்றார்.

அன்றிலிருந்து அக்காவின் நடையே மாறிப்போனது. "நூறு பேர் படிச்சிருக்காங்கடி" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அந்தத் தெம்பில்தான் இரண்டாவதை எழுதினாள். வருஷத்துக்கு ஒரு பல் விழுந்து, அதோடு அந்த வருஷத்து நினைவும் போய்விடும் ஒரு கிரகத்தின் கதை. இதை ஒரு பதிப்பகம் போட்டது. அறிவியல் கதை, மாயக்கதை எழுதுபவர்களின் முதல் நாவலுக்கென்றே ஒரு விருது உண்டு. அதன் இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டது. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விருதுக் குழுவின் செயலாளரம்மா அவளைப் பற்றிய குறிப்பு கேட்டு ஃபோன் செய்தபோது அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அத்தான் எடுத்தார்.

"முதல் புக்கா? நல்லா கேட்டீங்க! இதுக்கு முன்னாடி ஒண்ணு வந்து, சுடச்சுட வித்துத் தீர்ந்துடுச்சே!"

நான் ஜாடை காட்டினேன். மனுஷன் கவனித்தால்தானே. அந்தம்மா விதியைச் சொன்னார். சொந்தமாக அச்சடித்துச் சும்மா கொடுத்திருந்தால் பரவாயில்லை. ஒரு பிரதி விற்றிருந்தாலும் அதுதான் முதல் நாவல்; இப்போது வந்ததற்கு விருது கிடையாது. அக்காவையே கூப்பிட்டுப் பேசச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஈரத்தலையோடு வந்த அக்கா விஷயத்தைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சும்மா குடுத்தோம்னு சொல்லிடுக்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"காசு குடுத்து வாங்கிப் படிச்சவங்கடி. ஒரு விருதுக்காக அவங்களே இல்லைன்னு சொல்லச் சொல்றியா? போனாப் போகுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனைக் கையில் எடுத்தாள்.

எனக்கு அத்தான்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஃபோனை அவள் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தார். ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறி, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே நிலவுப் படம் போட்ட புத்தகங்கள், சணல்கூட அவிழ்க்காத கட்டுகளாக.

"ஒண்ணுகூடப் போகலை. நீ எழுதறதை விட்டுடுவியோன்னு பயந்துட்டேன்."

அக்கா கட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "அந்த நூறு பேரை நினைச்சுத்தாங்க அடுத்ததை எழுதினேன்" என்றாள். அழுகையை அடக்கவில்லை. பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் செயலாளரைக் கூப்பிட்டு, "ஒரு பிரதிகூட விக்கலைங்க" என்றாள். விருதையே விட்டுவிடலாம் என்று இருந்தபோதுகூட அவள் குரல் அப்படி உடையவில்லை.

விருது அவளுக்கே கிடைத்தது. மேடையில் "இது என் முதல் நாவல்" என்று சொல்லும்போது கொஞ்சம் தடுமாறினாள். அத்தான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அதுவரை அவருடன் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் காலை ஒரு கட்டை அவிழ்த்து, ஒரு பிரதியை அவர் முன்னால் வைத்தாள்.

"காசை எடுங்க."

"எதுக்கு?"

"புக்குக்கு. சும்மா குடுக்க மாட்டேன்."

அட்டையில் போட்டிருந்த விலையைப் பைசா குறையாமல் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அத்தான் அன்று ரிப்பேருக்கே போகவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "ஏம்மா, அந்த லாரிக்காரி பொழைச்சுடுவாளா?" என்றார்.

"படிச்சுப் பாருங்க" என்று அக்கா உள்ளே போனாள். அவள் சிரித்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.