துவைக்காத பாக்கெட்

நைனாவின் சட்டைப் பாக்கெட்டை நான் கேட்காமல்தான் வெட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் நியாயம் பேசத் தோன்றும்.

அப்போது படிப்பு முடிந்து எனக்கு வேலை இல்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆர்ட் ஜர்னல் செய்யக் கற்றுக்கொண்டேன். தடித்த நோட்டின் ஒரு பக்கத்தில் முதலில் செய்தித்தாள் கிழிசல், அதன்மேல் துணி, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட், பிறகு சுரண்டல், மறுபடி காகிதம், மறுபடி நிறம். மனசில் கிடப்பதை அடுக்கடுக்காக ஒட்டிப் பாதியை மறைக்க வேண்டும், பாதியைக் காட்ட வேண்டும். வீடியோவில் வரும் பெண்களிடம் லேஸும் தங்கத் தாளும் இருந்தன. என்னிடம் அறுந்த வலையும் பழைய மருந்துச் சீட்டும் இருந்தன.

"இன்னாடி இது, குப்பைக்கு அட்டை போட்டு வெச்சிருக்கே?" என்பார் நைனா; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டை டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான்.

ஒருநாள் கடலிலிருந்து வந்த அலுப்பில், "நோட்டத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு ஒரு வேலையத் தேடு" என்று சொல்லிவிட்டார். எனக்கு மூக்கின்மேல் கோபம். அவர் கழற்றி மாட்டியிருந்த வேர்வைச் சட்டையை எடுத்துப் பாக்கெட்டைக் கத்தரித்து ஒட்டினேன். அதோடு விட்டேனா? எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறைக் கல்லில் ஒரு மண்டையோடு செதுக்கியிருக்கும். மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதித்து வைத்திருந்தேன். அதையும் பாக்கெட்டின்மேல் ஒட்டினேன். வேறு அர்த்தமெல்லாம் கிடையாது, வெறும் ஆத்திரம்.

நைனா பார்த்துவிட்டார். அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"என்னை போட்டோ புடிச்சிட்டியா? பல்லு மட்டும் நல்லாக்கீது" என்று சிரித்தார். கட்டைவிரலை நீலப் பெயின்டில் தோய்த்து மண்டையோட்டுக்குக் கீழே அழுத்தினார். "கையெழுத்துப் போட்டுட்டேன், போ."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா கூப்பிட்டாள் என்று, பெயின்ட் காய்வதற்குள் நோட்டை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் விடிகாலை முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரும் நீந்திக் கரையேறினார்கள். நைனா வரவில்லை.

மூன்றாம் நாள் அம்மா அவருடைய துணி அத்தனையையும் துவைத்துக் கொடியில் போட்டாள். பாக்கெட் இல்லாத அந்தச் சட்டையையும்தான். "வந்தா மாத்திக்க வேணாமா?" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. எங்களுக்கும் அந்த ஆசைதான்.

எட்டாம் நாள் ஊர்ப் பெரியவர் வந்தார். உடம்பு கிடைக்காதவருக்கு, அவர் வேர்வை பட்ட துவைக்காத துணி ஒன்றை மண்ணில் புதைப்பது எங்கள் குப்பத்து வழக்கம். இல்லாவிட்டால் கரை தெரியாமல் தண்ணீரிலேயே நிற்பார் என்பார்கள்.

"துவைக்காத துணி ஒண்ணு எடும்மா" என்றார்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, எல்லாத்தையும் தோச்சிட்டேனே! என் கையாலயே தோச்சிட்டேனே!"

அவள் அழுத அழுகையை நான் எப்படி எழுதுவேன்? நோட்டை எடுத்துவந்தேன். பாக்கெட்டின் ஓரத்தில் தாளும் பசையும் படாமல் ஒரு விரலகலத் துணி மிச்சமிருந்தது. முகர்ந்து பார்த்தேன். உப்பும் பீடியுமாக வாடை வீசியது. வெந்நீரில் ஊறினால் பசை விட்டுவிடும், மண்டையோட்டை உரித்துவிடலாம் என்று பேசினில் தண்ணீர் ஊற்றினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தண்ணி காட்டாதடி! மிச்சம் இருக்கிறதும் பூடும்."

பெரியவர் பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "இன்னாம்மா இது, மண்டையோடு?"

அம்மாதான் சொன்னாள்: "அதுக்குக் கீழ அவரு ரேகை கீது பாரு. அவரே ஒத்துக்கினாரு. உனுக்கு இன்னாண்ணே?"

பக்கத்தை முழுசாகக் கிழித்துக் கொடுத்தேன். சவுக்குத் தோப்போரம் மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஆத்திரத்தில் ஒட்டியதைக்கூட என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. அதுவும் அவரோடு போயிற்று. மன்னிப்புக் கேட்கவேயில்லை நான்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். காயாத பெயின்டோடு மூடியதால், கிழித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நைனாவின் கட்டைவிரல் ரேகை மங்கலாக ஒட்டியிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். தொடவில்லை. குனிந்து பார்த்தாள்.

"இதும் மேல ஒண்ணும் ஒட்டிடாதடி" என்றாள்.